தேர்வுத்தாள் அச்சடித்தால் ஜிஎஸ்டி உண்டா? இந்திய விதியும் அதற்குள் ஒளிந்திருக்கும் விலையும்

சிவகாசியில் ஓர் அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அரையாண்டுத் தேர்வுக்கான கேள்வித்தாள் அங்கே அச்சாகிறது. பிற்பகலில் அதே இயந்திரத்தில், அதே தாளில், அதே மையில் ஒரு நீட் பயிற்சி நிலையத்தின் மாதிரித் தேர்வுத்தாள் அச்சாகிறது. மாலையில் இரண்டு ரசீதுகள் எழுதப்படுகின்றன. பள்ளியின் ரசீதில் பொருள் சேவை வரி இல்லை. பயிற்சி நிலையத்தின் ரசீதில் 18 விழுக்காடு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது.

இயந்திரமும் தாளும் மையும் ஒன்றாக இருக்க, வரி மட்டும் ஏன் வேறாகிறது? வரி இல்லாத ரசீதைப் பெற்ற பள்ளிக்கு அச்சுச் செலவு உண்மையிலேயே குறைந்துவிட்டதா? இரண்டாவது கேள்விக்கான பதில் பலரை வியக்க வைக்கும்.

ஜிஎஸ்டி இங்குள்ள தமிழர்களுக்குப் புதிய சொல் அல்ல. மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடாக இருந்து, 2018-இல் விடைபெற்றது. சிங்கப்பூரில் 1994-இல் 3 விழுக்காடாகத் தொடங்கி இன்று 9 விழுக்காடாக நிற்கிறது. ஆனால் தேர்வுத்தாள் அச்சடிப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதற்கு வரி இல்லை என்று அரசாங்கம் எழுத்தில் விளக்கம் தந்திருப்பது இந்தியாவில்தான் பெரிதும் பேசப்பட்டது. அந்நாட்டின் நீட் தேர்வுக்கு 2022 முதல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தேர்வு மையங்கள் அமைந்ததால், அந்த விதியின் ஓரம் இங்குள்ள சில குடும்பங்களையும் தொடுகிறது. அதற்கு மேலாக, ‘வரி விலக்கு’ என்ற சொல் காதுக்கு இனிமையாக இருந்தாலும் அது பைக்குள் என்ன செய்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அச்சடிப்பது பொருளா, சேவையா?

இந்தியாவில் ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. வந்த கையோடு அச்சகங்களுக்கு ஒரு குழப்பம். அச்சகம் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது அச்சிட்ட தாள். அது ஒரு பொருள். ஆனால் வாடிக்கையாளர் பணம் கொடுப்பது வெறும் தாளுக்காக அல்ல, தம்முடைய எழுத்தை அச்சிலேற்றித் தரும் வேலைக்காக. அது ஒரு சேவை. எதை எதுவாகக் கொள்வது?

2017 அக்டோபர் 20-இல் வெளிவந்த 11-ஆம் எண் சுற்றறிக்கை இதற்கு ஒரு கோடு கிழித்தது. புத்தகம், துண்டறிக்கை, கையேடு, ஆண்டறிக்கை போன்றவற்றில் உள்ளடக்கத்தை வாடிக்கையாளர் தருகிறார். தாளும் மையும் அச்சகத்தினுடையவை. இங்கே அச்சிடும் வேலையே முதன்மையானது. ஆகவே அது சேவை. கடித உறை, அச்சிட்ட அட்டைப்பெட்டி, சுவரில் ஒட்டும் அலங்காரத்தாள் போன்றவற்றில் பொருளே முதன்மையானது. மேலே உள்ள அச்சு துணைக்கு வருவது. ஆகவே அவை பொருள்கள்.

கேள்வித்தாளை இந்தத் தராசில் வைத்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயம் இல்லை. கேள்விகளைத் தயாரிப்பது பள்ளி அல்லது தேர்வு வாரியம். அச்சகத்துக்கு அந்தக் கேள்விகள் மீது எந்த உரிமையும் கிடையாது. சொல்லப்போனால் அவற்றைப் படித்துப் பார்க்கவே கூடாது. எனவே கேள்வித்தாள் அச்சடிப்பது சேவை.

இந்தப் பாகுபாடு வெறும் சொல் விளையாட்டல்ல. கல்விக்காக இந்திய அரசு தந்திருக்கும் விலக்கு சேவைகளுக்கான பட்டியலில் இருக்கிறது. அச்சடிப்பது சேவை என்று ஆனதால்தான் கேள்வித்தாள் அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடிகிறது. கேள்வித்தாளைப் போட்டு முத்திரையிடும் உறைகளை மட்டும் தனியாக ஒருவரிடம் அச்சடித்து வாங்கினால், அது பொருளாகிவிடும்; கேள்வித்தாளுக்குக் கிடைக்கும் விலக்கு அதற்குக் கிடைக்காது. அதுபோலவே அச்சகமே கேள்விகளைத் தயாரித்து, மாதிரி வினாத்தாள் தொகுப்பாகப் போட்டுக் கடையில் விற்றால் அது அச்சுச் சேவை அல்ல, பொருள் விற்பனை. புத்தகமாகக் கட்டிய தொகுப்பாக இருந்தால் அச்சிட்ட புத்தகம் என்ற வகையில் அதற்கு வரி இல்லை. அது வேறு வழியாக வந்த சலுகை.

66-ஆம் வரிசை

கல்வி தொடர்பான விலக்கு 2017 ஜூன் 28 தேதியிட்ட 12-ஆம் எண் அறிவிக்கையின் 66-ஆம் வரிசையில் இருக்கிறது. இந்தியக் கணக்காளர்கள் பேச்சுவாக்கில் ‘66-ஆம் என்ட்ரி’ என்பார்கள். அதில் இரண்டு பக்கம் உண்டு. கல்வி நிலையம் தன் மாணவர்களுக்கும் ஆசிரியர், ஊழியர்களுக்கும் தரும் சேவைகளுக்கு வரி இல்லை. வெளியார் கல்வி நிலையத்துக்குத் தரும் சில குறிப்பிட்ட சேவைகளுக்கும் வரி இல்லை. மாணவர் சேர்க்கைக்கும் தேர்வு நடத்துவதற்கும் உரிய சேவைகள் இந்த இரண்டாம் பக்கத்தில் வருகின்றன. அச்சகம் நிற்பது இங்கேதான்.

தொடக்கத்தில் இந்தச் சலுகை மேல்நிலைப் பள்ளி வரைதான் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கேள்வித்தாளுக்கு வரி இல்லை. கல்லூரி, பல்கலைக்கழகக் கேள்வித்தாளுக்கு உண்டு. 2018 ஜனவரி 25-இல் அந்தத் தடை நீங்கியது. சட்டம் ஏற்றுக்கொண்ட பட்டம் அல்லது சான்றிதழுக்காகப் பாடத்திட்டப்படி கற்பிக்கும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளே வந்தன. மாணவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து, மதிய உணவு, காவல், துப்புரவு போன்ற சேவைகளுக்கு மட்டும் மேல்நிலைப் பள்ளி வரை என்ற எல்லை அப்படியே இருக்கிறது. ஒரு கல்லூரி தன் வளாகத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் அமர்த்தினால் வரி கட்ட வேண்டும். கேள்வித்தாள் அச்சடித்தால் வேண்டியதில்லை.

‘கல்வி நிலையம்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் குறுகலானது. பாலர் பள்ளி முதல் மேல்நிலை வரையிலான கல்வி, சட்டம் ஏற்ற தகுதிக்கான படிப்பு, அங்கீகாரம் பெற்ற தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்குள் அடங்க வேண்டும். டியூஷன் வகுப்பும் நீட், ஜேஇஇ பயிற்சி நிலையமும் இதற்குள் வருவதில்லை. எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும், அவை சட்டம் ஏற்ற சான்றிதழ் எதையும் தருவதில்லை. சிவகாசி அச்சகத்தின் பிற்பகல் ரசீதில் 18 விழுக்காடு வந்த காரணம் இதுவே. இந்த விகிதமும் இடையில் உயர்ந்தது. இத்தகைய அச்சுச் சேவைக்கு முதலில் 12 விழுக்காடாக இருந்த வரி 2021 அக்டோபர் 1 முதல் 18 ஆனது.

பள்ளிக்காகச் செய்யும் எல்லா அச்சு வேலைக்கும் விலக்கு என்று எண்ணுவதும் தவறு. விலக்கு பள்ளி என்ற பெயருக்கு அல்ல. தேர்வுக்கும் மாணவர் சேர்க்கைக்கும். ஆண்டு விழா அழைப்பிதழுக்கும் பள்ளி நாள்காட்டிக்கும் விலக்கு இல்லை. கேள்வித்தாளுக்கும் சேர்க்கை விண்ணப்பப் படிவத்துக்கும் உண்டு.

பாடம் நடத்தாத வாரியம் கல்வி நிலையமா?

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. இந்தியாவில் மிக அதிகமாகக் கேள்வித்தாள் அச்சடிப்பவை தனிப் பள்ளிகள் அல்ல. பொதுத்தேர்வு நடத்தும் வாரியங்கள். அந்த வாரியங்களுக்கு வகுப்பறை கிடையாது. பாடம் நடத்துவதில்லை. அப்படியானால் அவை கல்வி நிலையங்களா?

2018 ஜூலையில் அறிவிக்கையில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. மத்திய, மாநிலக் கல்வி வாரியங்கள், மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் அளவுக்கு மட்டும், கல்வி நிலையங்களாகக் கருதப்படும் என்றது அந்த விளக்கம். ஆனால் வாரியம் தேர்வு நடத்துவது ஒன்று, வாரியத்துக்காக வெளியார் அச்சடித்துக் கொடுப்பது வேறொன்று என்ற வாதம் ஓயவில்லை. வாரியம் மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு வரி இல்லை என்று மட்டும்தானே விளக்கம் சொல்கிறது, அச்சகம் வாரியத்திடம் வாங்கும் பணத்துக்கு என்ன விதி என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

இதற்கு முடிவு கட்டியது 2021 மே 28-இல் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் 43-ஆவது கூட்டம். அதைத் தொடர்ந்து ஜூன் 17-இல் வெளிவந்த 151-ஆம் எண் சுற்றறிக்கை, வாரியங்கள் நடத்தும் தேர்வுக்கு வாங்கும் கட்டணத்துக்கு வரி இல்லை என்றது. அதோடு நிற்காமல், அத்தேர்வுக்காக வாரியங்களுக்கு வெளியார் தரும் சேவைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: இணையவழித் தேர்வு, முடிவு வெளியீடு, தேர்வு அறிவிப்பு அச்சடித்தல், நுழைவுச்சீட்டு அச்சடித்தல், கேள்வித்தாள் அச்சடித்தல். இவற்றுக்கும் வரி இல்லை. நான்கு ஆண்டு வாதம் ஒரு பத்தியில் தீர்ந்தது.

அதே சுற்றறிக்கை ஒரு வாசலைத் திறந்து இன்னொன்றை அடைத்தது. ஒரு நிறுவனத்துக்கோ தொழில் வல்லுநருக்கோ அங்கீகாரம் வழங்க வாரியம் வாங்கும் கட்டணத்துக்கு 18 விழுக்காடு வரி உண்டு என்று அது சொன்னது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் தொழில் செய்ய விரும்புவோர் எழுதும் தகுதித் தேர்வின் கட்டணம் இந்தப் பக்கம் போய் விழுந்தது. பெயரில் அதுவும் தேர்வுதான். ஆனால் அது படிப்புக்கான தேர்வு அல்ல, தொழில் செய்வதற்கான அனுமதிக்கான தேர்வு என்பது அரசின் பார்வை. வெளிநாட்டுப் பட்டத்தோடு ஊர் திரும்பும் மருத்துவருக்கு இந்த நுணுக்கம் ஆறுதல் தராது.

நுழைவுத் தேர்வு நடத்துவோருக்குத் தனியாக ஒரு விளக்கம் தேவைப்பட்டது. நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை கல்வி வாரியம் அல்ல. அது பாடத்திட்டம் வகுப்பதில்லை, பட்டம் தருவதில்லை. 2023 பிப்ரவரி 28-இல் வெளியான அறிவிக்கை, மார்ச் 1 முதல் அந்த முகமையையும், கல்வி நிலையங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வை நடத்த மத்திய, மாநில அரசுகள் அமைத்த மற்ற அமைப்புகளையும் கல்வி நிலையங்களுக்கு நிகராக வைத்தது. கோலாலம்பூரில் நீட் எழுதும் மாணவரின் கையில் இருக்கும் கேள்வித்தாளும் இந்த ஏற்பாட்டுக்குள் வருகிறது. ‘கல்வி நிலையங்களில் சேர்வதற்கான’ என்ற சொற்கள் முக்கியமானவை. அரசு வேலைக்கு ஆள் எடுக்க நடக்கும் தேர்வுகள் இந்த விளக்கத்துக்குள் அடங்குவதில்லை.

விலக்கு வந்தும் விலை இறங்காதது ஏன்?

இனி அந்த இரண்டாவது கேள்வி. வரி இல்லாத ரசீதைப் பெற்ற பள்ளிக்கு அச்சு மலிவாகக் கிடைத்ததா?

ஜிஎஸ்டியின் அடிப்படை ஏற்பாடு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அச்சகம் தாளும் மையும் வாங்கும்போது வரி கட்டுகிறது. பின்னர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கிறது. தான் முன்பே கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அரசுக்குச் செலுத்துகிறது. இப்படிக் கழித்துக்கொள்ளும் உரிமைக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். இந்த உரிமை, வரி விதிக்கப்படும் விற்பனைக்கே உண்டு. விற்பனைக்கு விலக்கு கிடைத்துவிட்டால், அதற்காக வாங்கிய பொருள்களின் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது அச்சகத்தின் செலவோடு கலந்துவிடும்.

எளிய கணக்காகப் பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. ஓர் அச்சு ஆர்டருக்குத் தாள் 60,000 ரூபாய். மையும் பிற பொருள்களும் 10,000 ரூபாய். கூலி, மின்சாரம், வாடகை, இலாபம் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். ஆக மொத்தம் 1,00,000 ரூபாய். வாங்கிய பொருள்களுக்கு 18 விழுக்காடு வரி என்றால், 70,000 ரூபாய்க்கு அச்சகம் 12,600 ரூபாய் வரி கொடுத்திருக்கிறது.

பயிற்சி நிலையத்துக்கு அச்சகம் எழுதும் ரசீது: 1,00,000 ரூபாய், வரி 18,000 ரூபாய். அச்சகம் தான் கட்டிய 12,600 ரூபாயைக் கழித்துக்கொண்டு 5,400 ரூபாயை அரசுக்குச் செலுத்துகிறது. அச்சகத்துக்கு நட்டம் இல்லை.

பள்ளிக்கு எழுதும் ரசீதில் வரி இல்லை. ஆனால் 12,600 ரூபாயைக் கழித்துக்கொள்ளவும் வழி இல்லை. கையிலிருந்து போட அச்சகத்துக்கு மனமிருக்காது. எனவே விலையே 1,12,600 ரூபாய் ஆகிறது. ரசீதில் வரி என்ற சொல் இல்லை. விலைக்குள் வரி இருக்கிறது. 18,000 ரூபாய் மிச்சம் என்று பள்ளி நினைக்கலாம். உண்மையான மிச்சம் 5,400 ரூபாய்தான்.

கதை இங்கே முடியவில்லை. பயிற்சி நிலையம் வரிக்குப் பதிவு செய்திருந்தால், அது கட்டிய 18,000 ரூபாயைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஏனென்றால் அது மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு வரி உண்டு. அப்படிக் கழித்த பிறகு பயிற்சி நிலையத்துக்கு அச்சுச் செலவு 1,00,000 ரூபாய். பள்ளிக்கோ 1,12,600 ரூபாய். விலக்குப் பெற்றவர் கூடுதலாகவும், வரி கட்டியவர் குறைவாகவும் செலவழிக்கிறார்கள்!

அதனால் பயிற்சி நிலையத்துக்குத்தான் கொண்டாட்டம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதன் மாணவர் 50,000 ரூபாய் கட்டணத்துக்கு மேல் 9,000 ரூபாய் வரி கட்டுகிறார். அந்தக் குடும்பத்துக்குக் கழித்துக்கொள்ள எந்தக் கணக்கும் இல்லை. பள்ளி மாணவரின் வீட்டுக்கு வரும் கட்டணத்தில் வரி இல்லை; ஆனால் தாளுக்கும் மைக்கும் கட்டிய வரி வெளியே தெரியாமல் அதற்குள் படுத்திருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் அந்தச் சுமை கல்வித் துறையின் செலவுக்குப் போகிறது. தனியார் பள்ளி என்றால் கடைசியில் அது பெற்றோரைத் தேடித்தான் வரும்.

2025 செப்டம்பர் இந்தச் சுமையைக் கூட்டியது. ஜிஎஸ்டி மன்றம் 12 விழுக்காட்டுப் படியையே நீக்கியது. புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்தன. அச்சுக்கும் எழுத்துக்கும் பயன்படும் சாதாரணத் தாளின் வரி 12-இலிருந்து 18 ஆனது. மைக்கு 2022 ஜூலையிலேயே 18 ஆகிவிட்டது. மேலே சொன்ன அதே ஆர்டரைப் பழைய விகிதத்தில் போட்டுப் பார்த்தால் தாளுக்கு 7,200 ரூபாய், மை முதலியவற்றுக்கு 1,800 ரூபாய், ஆக 9,000 ரூபாய்தான் விலைக்குள் கலந்திருக்கும். இப்போது 12,600. கேள்வித்தாள் அச்சுக்கான விலக்கில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் 3,600 ரூபாய் கூடியிருக்கிறது.

இதே அறிவிப்பில் நோட்டுப் புத்தகங்களுக்கு வரி முழுவதும் நீக்கப்பட்டது. அப்போது நோட்டுப் புத்தகம் செய்யப் பயன்படும் தாளுக்கும் சேர்த்தே வரி நீக்கப்பட்டது. விற்பனைக்கு மட்டும் விலக்குத் தந்தால் தாளின் வரி உற்பத்தியாளர் தலையில் தங்கிவிடும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல என்று இதிலிருந்து புரிகிறது. அந்தச் சலுகை நோட்டுப் புத்தகம், வரைபடப் புத்தகம், ஆய்வகக் குறிப்பேடு போன்றவற்றுக்கான தாளோடு நின்றுவிட்டது. கேள்வித்தாளுக்குப் போகும் தாள் அதில் இல்லை. மாணவர் எழுதிப் பழகும் தாளுக்கு வரி இல்லை, எழுதிப் பழகியதைச் சோதிக்கும் தாளுக்கு உண்டு.

மலேசியர்கள் முன்பே பார்த்த வேறுபாடு

மலேசியாவில் ஜிஎஸ்டி இருந்த நாள்களில் கடைக்காரர்களைத் திணற வைத்த இரண்டு சொற்கள் இருந்தன: பூஜ்ய விகிதம், வரி விலக்கு. வாங்குபவருக்கு இரண்டிலும் ரசீதில் வரி இல்லை. விற்பவருக்கு இரண்டும் வானமும் பூமியும். பூஜ்ய விகிதப் பொருளை விற்பவர் தான் கட்டிய 6 விழுக்காட்டைச் சுங்கத் துறையிடமிருந்து திரும்பக் கேட்கலாம். விலக்குப் பெற்ற சேவையைத் தருபவர் கேட்க முடியாது.

பாடநூலும் அகராதியும் மலேசியாவில் பூஜ்ய விகிதப் பட்டியலில் இருந்தன. தனியார் பள்ளிகள் தரும் கல்விச் சேவை விலக்குப் பட்டியலில் இருந்தது. எனவே பாடநூல் அச்சடித்து விற்றவர் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடிந்தது. தனியார் பள்ளி வாங்கிய நாற்காலிக்கும் அச்சுக்கும் கட்டிய வரி பள்ளியிடமே தங்கியது. 2018 ஜூன் 1-இல் எல்லாவற்றுக்கும் பூஜ்ய விகிதம் என்றாகி, செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தபின் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. இந்தியாவின் கேள்வித்தாள் மாட்டிக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது சொல்லில்தான். அதைப் பூஜ்ய விகிதத்துக்கு மாற்றினால் தாளின் வரி அச்சகத்துக்குத் திரும்பும்; பள்ளிக்கு 1,00,000 ரூபாய்க்கே அச்சு கிடைக்கும். ஆனால் இந்தியாவில் பூஜ்ய விகிதம் ஏற்றுமதிக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளூர்ப் பள்ளிக்கு அதில் இடம் இல்லை.

சிறிய அச்சகங்களின் நிலை

இந்தியாவில் சேவை தருவோர் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்ய வேண்டும். பொருள் மட்டும் விற்போருக்குத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அந்த வரம்பு 40 லட்சம். அச்சடிப்பது சேவை என்று ஆனதால் அச்சகங்களுக்குக் குறைந்த வரம்புதான் பொருந்துகிறது. சுற்றறிக்கை கிழித்த கோடு இங்கேயும் வந்து கடிக்கிறது.

விலக்குப் பெற்ற வேலையை மட்டுமே செய்யும் அச்சகம் எவ்வளவு சம்பாதித்தாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சிறிதளவு வரிக்குரிய வேலை சேர்ந்துவிட்டால் நிலைமை மாறும். பள்ளிக் கேள்வித்தாளில் 19 லட்சம், திருமண அழைப்பிதழில் 2 லட்சம் என்று வருவாய் இருந்தால், வரம்பைக் கணக்கிடும்போது இரண்டும் கூட்டப்படும். 21 லட்சம் ஆகிவிடும், பதிவு கட்டாயம். அதன்பின் தாளில் எவ்வளவு கேள்வித்தாளுக்குப் போனது, எவ்வளவு அழைப்பிதழுக்குப் போனது என்று பிரித்து, அழைப்பிதழுக்குரிய பங்குக்கு மட்டும் வரி வரவு எடுக்க வேண்டும். மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு போன்ற பொதுச் செலவுகளை விற்பனை விகிதப்படி பிரிக்க வேண்டும். இரண்டு ஆள் வைத்து நடத்தும் அச்சகத்துக்கு இது சின்ன வேலை அல்ல.

விலக்குள்ள வேலைக்கு வரி ரசீது கொடுப்பதில்லை. ‘பில் ஆஃப் சப்ளை’ என்ற வேறு ரசீது கொடுக்க வேண்டும். ஆர்டர் கடிதத்தில் இன்ன பள்ளி, இன்ன தேர்வு என்று எழுதி வாங்கி வைப்பது அச்சகத்துக்கு நல்லது. பின்னாளில் தணிக்கைக்கு வரும் அதிகாரியிடம், அச்சடித்தது தேர்வுக்காகவே என்று காட்ட வேண்டியவர் அச்சகக்காரர்தான். இரகசியம் காக்க வேண்டிய வேலை என்பதால், கேள்வித்தாளின் படியை எடுத்து வைத்துக் காட்டவும் முடியாது.

இங்கிருந்து ஆர்டர் கொடுத்தால்

சிங்கப்பூரிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு டியூஷன் நிலையம் தன் மாதிரித் தேர்வுத்தாள்களைச் சிவகாசியில் அச்சடித்து, வெளிநாட்டு நாணயத்தில் பணம் அனுப்பி வரவழைத்தால், இந்தியாவைப் பொறுத்தவரை அது ஏற்றுமதி. உள்ளூர்ப் பள்ளிக்குக் கிடைக்காத பூஜ்ய விகிதம் இந்த ஆர்டருக்குக் கிடைக்கும். தாளுக்கும் மைக்கும் கட்டிய வரியை அச்சகம் திரும்பப் பெறலாம். அதே ஆர்டர் 1,00,000 ரூபாய்க்கே முடியும்.

சிங்கப்பூர்க் கரையில் கணக்கு வேறு. அங்கே கல்விக்கென்றோ புத்தகத்துக்கென்றோ பொதுவான ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. 400 வெள்ளிக்கு மேற்பட்ட சரக்கு உள்ளே வரும்போது 9 விழுக்காடு கட்ட வேண்டும். ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பதிவு செய்த டியூஷன் நிலையம் அதைத் திரும்பப் பெறலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் சிறிய நிலையத்துக்கு அந்த வழி இல்லை. ஆர்டர் கொடுக்குமுன் அச்சுக்கூலியோடும் விமானக் கட்டணத்தோடும் அந்த 9 விழுக்காட்டையும் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.